குதிகாலின் அரசியல்: சிரிப்பவர்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

குதிகால் உயர்ந்த காலணிகளை விரும்பி அணியும் ஆண்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நமது இலக்கியச் சூழலில் மூன்று விதமான எதிர்வினைகளைக் காண முடிகிறது. முதலாவது, சிரிப்பு. இரண்டாவது, 'இது மேலை நாட்டு வக்கிரம்' என்ற தீர்ப்பு. மூன்றாவது, முற்போக்கின் தோரணையோடு வரும் ஒரு பெருமூச்சு: 'அவனவன் விருப்பம், நாம் யார் கேட்க? ஆனால் கட்டிக்கொண்டவள் பாவம்.' உடல், அதிகாரம், விளிம்பு என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியவர்களும், பின்நவீனத்துவத்தைக் கரைத்துக் குடித்தவர்களும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்கிறார்கள்.

இம்மூன்றும் வேறுவேறானவை போலத் தோன்றினாலும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பதே நமது வாதம். சிரிப்பவரும் தீர்ப்பளிப்பவரும் பரிதாபப்படுபவரும், பெண்ணைப் போல இருப்பது ஒரு கீழிறக்கம் என்ற நம்பிக்கையைப் பேச்சின்றிப் பகிர்ந்துகொள்கிறார்கள். இந்த நம்பிக்கையைத் தொடாமல் அந்த ஆணுக்கு ஆதரவாகப் பேசுவதும் பயனற்றது. அவன் மனைவிக்காக உருகுவதும் பயனற்றது.

செருப்பைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காலணி அற்பமான பொருள் என்றால், அதை ஓர் ஆண் அணிவதும் அற்பமான செய்தியாகவே இருந்திருக்க வேண்டும். அற்பமான ஒன்றுக்காக எவரும் மணவிலக்குக் கோருவதில்லை. நகராட்சிகள் சட்டம் இயற்றுவதில்லை. மனிதர்கள் இருபது ஆண்டுகள் பரண்மேல் ஒரு பெட்டியை ஒளித்து வைத்துக்கொண்டு வாழ்வதில்லை.

2

முதலில் அந்த 'மேலை நாட்டு' என்னும் அடைமொழியை எடுத்துக்கொள்வோம். இன்று நாம் அறிந்த உயர்ந்த குதிகால் ஐரோப்பாவுக்குப் போனதே கிழக்கிலிருந்துதான். போனதும் ஆண்களின் காலில்தான். பாரசீகக் குதிரை வீரர்களின் காலணியில் இருந்தது அது. குதிரைமேல் எழுந்து நின்று அம்பெய்யும் வீரனின் பாதம் அங்கவடியிலிருந்து நழுவிவிடாமல் குதி அதைப் பிடித்து நிறுத்தியது. 1599இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசவைகளுக்குத் தூதுக்குழு ஒன்றை அனுப்பினார். அக்காலத்தில் அங்கே எழுந்த பாரசீக மோகத்தோடு இந்தக் குதிகாலும் பிரபுக்களின் காலில் ஏறியது. போர்வீரனின் வீறும் குதிரையேற்றத்தின் மிடுக்கும் அந்தக் குதியோடு சேர்ந்து வந்தன. சேற்றிலும் கல்லிலும் நடந்து பிழைக்க வேண்டியவனுக்கு அது உதவாது. உதவாது என்பதே அதன் பெருமை. உழைக்கத் தேவையில்லாதவனின் கால் இது என்று ஊருக்கு அறிவிக்கும் விளம்பரமாக அது இருந்தது.

பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியை இயாசிந்த் ரிகோ 1701இல் தீட்டிய உருவப்படம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறுபது வயதைக் கடந்த அந்த மன்னன் மேலங்கியை விலக்கி, வெண்ணிறக் காலுறை அணிந்த காலை முன்னே நீட்டிக் காட்டியபடி நிற்கிறான். காலணியின் குதி சிவப்பு. அரசவையில் இடம்பெற்றவர்களின் அடையாளமே அந்தச் சிவப்புக் குதிதான். அதைக் கண்டு எவரும் சிரிக்கவில்லை. அது ஐரோப்பாவின் மிக அதிகாரம் வாய்ந்த ஆணின் கால்.

பெண்களுக்கு இது எப்படி வந்தது? 1630களில் ஐரோப்பிய மேட்டுக்குடிப் பெண்கள் ஆண்களின் உடைக்கூறுகளைத் தமதாக்கிக்கொள்ளத் தொடங்கினார்கள். புகைக்குழாய், தொப்பி, தோளணி ஆகியவற்றோடு குதிகாலும் சேர்ந்து வந்தது. அதாவது, குதிகால் அணிந்த பெண் அன்று ஆணைப் போலச் செய்தவள். கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள பாட்டா காலணி அருங்காட்சியகத்தின் ஆய்வாளர் எலிசபெத் செம்மல்ஹாக் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். குதிகால் அணிந்த ஆண்களின் வரலாற்றுக்காகவே 2015இல் அங்கே தனிக் கண்காட்சியும் வைக்கப்பட்டது.

பிறகு என்ன நடந்தது? 18ஆம் நூற்றாண்டில் ஆண் 'பகுத்தறிவுள்ளவன்' ஆனான். பட்டும் சரிகையும் பொய்முடியும் குதிகாலும் பகுத்தறிவற்ற அலங்காரங்களாகிப் பெண்ணின் கணக்கில் எழுதப்பட்டன. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆண்களின் காலிலிருந்து உயர்ந்த குதி ஏறக்குறைய மறைந்துவிட்டது. உளப்பகுப்பாய்வாளர் ஜே.சி. ஃப்ளூகல் உடையின் உளவியல் பற்றி 1930இல் வெளியிட்ட நூலில் இதனை 'ஆண்களின் மாபெரும் துறவு' என்ற பொருள்படக் குறிப்பிட்டார். அழகாக இருப்பதற்கான உரிமையை ஆண் துறந்து, பயனுள்ளவனாக இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டான் என்பது அவர் கருத்து. துறவு என்பது நல்ல சொல். ஆனால் இந்தத் துறவி தான் விட்டெறிந்ததைப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, பிறகு அதைச் சுமப்பதற்காக அவளையே ஏளனம் செய்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பெண்களின் காலணியிலிருந்தும் குதி இறங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அது திரும்பி வந்தபோது பெண்ணின் காலுக்கே உரியதாக வந்தது. 1950களில் உள்ளே உலோகத் தண்டு செருகப்பட்ட ஊசிக்குதி வந்தது. ஸ்டிலெட்டோ என்றால் இத்தாலிய மொழியில் சிறு குத்துவாள்.

ஆக, ஆணுக்கும் குதிகாலுக்கும் 'இயற்கையாகவே' பகை என்று பேசுபவர்கள், இரண்டரை நூற்றாண்டுப் பழக்கம் ஒன்றை இயற்கை என்கிறார்கள். அந்தப் பழக்கத்திலும் எத்தனை ஓட்டைகள்! அமெரிக்க மாட்டுக்காரனின் பூட்சில் குதி உண்டு, அங்கவடிக்காகவே உண்டு. 1960களின் தொடக்கத்தில் பீட்டில்ஸ் குழுவினர் அணிந்த பூட்சில் உண்டு. 1970களில் தடித்த அடியும் உயர்ந்த குதியும் கொண்ட பிளாட்பாரம் ஷூக்கள் உலகெங்கும் பரவி நம்மூருக்கும் வந்தன. பெல்பாட்டத்துக்குக் கீழே அந்த ஷூவை அணிந்து கல்லூரிக்குப் போன தலைமுறை இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டது. அவர்களை எவரும் ஆண்மையற்றவர்கள் என்று சொல்லவில்லை. எனவே சிக்கல் குதியின் உயரத்தில் இல்லை. 'இது பெண்ணுடையது' என்று எழுதி ஒட்டப்பட்ட சீட்டில்தான் இருக்கிறது.

3

இந்தச் சீட்டு ஒட்டப்பட்ட காலணியை ஆண் அணிவதற்குச் சமூகம் மூன்று அனுமதிகளை மட்டும் வைத்திருக்கிறது.

முதல் அனுமதி, நகைச்சுவை. பில்லி வைல்டரின் 'சம் லைக் இட் ஹாட்' (1959) திரைப்படத்தில் பெண்வேடமிட்ட இரு ஆண்கள் குதிகாலணியோடு ரயில் நிலைய மேடையில் தடுமாறி நடந்து வருவார்கள். அவர்களைக் கடந்து மர்லின் மன்றோ நடந்து போவார். உயிர் பிழைக்க வேறு வழியில்லாமல் அணிந்திருக்கிறார்கள், அணியத் தெரியாமல் தடுமாறுகிறார்கள் என்ற இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறுவதால் நாம் நிம்மதியாகச் சிரிக்கிறோம். அதே ஆண் தடுமாறாமல், மகிழ்ச்சியோடு நடந்திருந்தால் அரங்கின் சிரிப்பு வேறு ஒலியில் எழுந்திருக்கும். 'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993) படத்தையும் அதன் வழிவந்த நமது 'அவ்வை சண்முகி'யையும் (1996) இந்த நிபந்தனையோடு பொருத்திப் பார்க்கலாம். மகளைப் பிரிந்து தவிக்கும் தகப்பன் என்ற காரணச் சீட்டு இல்லாமல் அந்த வேடத்துக்கு அனுமதி கிடையாது.

இரண்டாவது அனுமதி, பிராயச்சித்தம். 2001இல் அமெரிக்காவில் தொடங்கிய 'வாக் எ மைல் இன் ஹெர் ஷூஸ்' என்னும் இயக்கத்தில், பெண்கள் மீதான பாலியல் வன்முறைக்கு எதிராக ஆண்கள் குதிகாலணி அணிந்து ஒரு மைல் நடக்கிறார்கள். நோக்கம் உயர்ந்தது; அதில் ஐயமில்லை. ஆனால் அங்கும் வலியோடு நடப்பதே சரியான நடை. அந்த ஊர்வலத்தில் ஒருவன் 'எனக்கு இது நன்றாக இருக்கிறது, நாளையும் அணியப் போகிறேன்' என்று சொல்லிவிட்டால், அவனை என்ன செய்வதென்று ஊர்வலத்துக்கே தெரியாது.

மூன்றாவது அனுமதி, மேதைமை. 1970களின் தொடக்கத்தில் டேவிட் போவி அணியலாம். எல்டன் ஜான் அணியலாம். இசைக்கலைஞர் பிரின்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் அணிந்தார். 2016இல் அவர் மறைந்த பிறகு, 2021இல் மினசோட்டாவில் உள்ள அவரது பெய்ஸ்லி பார்க் வளாகத்தில் அவருக்கென்றே செய்யப்பட்ட காலணிகள் 300 ஜோடிக்கு மேல் காட்சிக்கு வைக்கப்பட்டன. மேடையில் இருப்பவன் அணிந்தால் அது கலை. அதே காலணியைக் கணக்கர் ஒருவர் மாலையில் வீடு திரும்பிய பின் தம் கூடத்தில் அணிந்தால் அது நோய்.

கோமாளியாக இருக்கலாம், பாவியாக இருக்கலாம், மேதையாக இருக்கலாம். சாதாரண ஆண் ஒருவன், காரணம் ஏதும் காட்டாமல், தனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் அணியக் கூடாது. இன்பம் என்ற ஒன்றைத் தவிர எல்லாக் காரணங்களையும் ஏற்றுக்கொள்ளும் ஒழுக்கம் எத்தகையது என்பதை நண்பர்கள் யோசிக்க வேண்டும்.

4

இப்போது எதிர்த்திசையைப் பார்ப்போம். பாரிஸ் நகரில் 1800இல் பிறந்த காவல்துறை ஆணை ஒன்று, ஆணுடை அணிய விரும்பும் பெண் முன்னனுமதி பெற வேண்டும் என்றது. அது செல்லாது என்று பிரெஞ்சு அரசு முறையாக அறிவித்தது 2013இல்தான். 1851இல் அமெரிக்காவில் அமீலியா புளூமர் முதலானோர் தளர்ந்த கால்சட்டையை அணிந்தபோது பத்திரிகைகள் கேலிச்சித்திரங்களாக வரைந்து தள்ளின. ஆனாலும் பெண்கள் அந்தப் போரில் வென்றார்கள். இன்று கால்சட்டை அணிந்த பெண்ணை 'ஆணுடை தரித்தவள்' என்று எவரும் சொல்வதில்லை. இந்த வெற்றிக்குப் பெண்களின் போராட்டம் முதன்மையான காரணம். அதோடு, அந்தப் பயணத்தின் திசையையும் கவனிக்க வேண்டும். ஆணின் உடையை எடுத்துக்கொள்ளும் பெண் மேலே ஏறுகிறாள் என்று சமூகம் கருதுகிறது. ஏறுவதைத் தடுக்கும், பிறகு மெச்சும். பெண்ணின் உடையை எடுத்துக்கொள்ளும் ஆண் கீழே இறங்குகிறான். தானாக விரும்பி இறங்குபவனை அதனால் மன்னிக்க முடிவதில்லை. ஏணியின் உச்சிப்படி அப்படியொன்றும் சுகமான இடமில்லை என்பதை அவன் வெளிப்படுத்திவிடுகிறான்.

இதற்கு ஐரோப்பாவரை போக வேண்டியதில்லை. நமது வசைச்சொற்களைப் பட்டியலிட்டுப் பார்த்தால் போதும். கோழை என்பதற்கு நாம் வைத்திருக்கும் சொற்களில் எத்தனை பெண்ணைக் குறிப்பவை? செயலற்ற அதிகாரிக்கும் அமைச்சருக்கும் வளையலும் சேலையும் அனுப்பி வைக்கும் போராட்டங்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கட்சிகளின் மகளிர் அணியினரே அதைச் செய்வதும் உண்டு. தம் கையில் அணிந்திருக்கும் வளையலை இழிவின் சின்னமாக இன்னொருவருக்கு அனுப்பும்போது, அந்தக் கைகளுக்கு அது நேர்ந்த அவமானமாகத் தோன்றுவதில்லை. குதிகால் அணிந்த ஆணைப் பார்த்து எழும் சிரிப்பு இதே இடத்திலிருந்துதான் எழுகிறது. அந்தச் சிரிப்பின் இலக்கு அவன் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அது போய்ச் சேரும் முகவரி வேறு.

இங்கே பெண்ணியத் தோழிகள் எழுப்பக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. அது சிரிப்பவர்களின் கூச்சலைவிட மதிக்கத் தக்கது. குதிகால் பெண்ணுடலை முடமாக்கும் கருவி, எடையை முன்பாதத்தின்மேல் தள்ளி விரல்களையும் முதுகையும் வதைப்பது, நீண்ட காலம் அணிந்தால் கெண்டைத் தசையையே குறுக்கிவிடுவது. பெண்கள் கழற்றி எறியப் போராடும் ஒன்றை ஆண் விளையாட்டாக எடுத்து மாட்டிக்கொள்வதை ஏன் கொண்டாட வேண்டும் என்பது அந்த மறுப்பு. போராட்டம் உண்மையானது. லண்டனில் தட்டையான காலணியோடு வேலைக்கு வந்ததற்காக வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட வரவேற்பாளர் ஒருவர் 2016இல் தொடங்கிய மனுவில் 1,50,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். 2017இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதை விவாதித்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் பிலிப்பைன்ஸும் 2017இல் பணியிடங்களில் குதிகால் கட்டாயத்துக்குத் தடை விதித்தன. 2019இல் ஜப்பானியப் பெண்கள் இதே கோரிக்கையோடு தொழிலாளர் துறையிடம் மனு அளித்தார்கள்.

ஆனால் இந்த மறுப்பு நமது வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஒரே பொருள் ஒருத்திக்குக் கட்டாயம், ஒருவனுக்குத் தடை. அவள் அணியாவிட்டால் வேலை போகும். அவன் அணிந்தால் வேலை போகும். இவை இரண்டு விதிகள் அல்ல, ஒரே விதியின் இரண்டு பக்கங்கள். பெண் இப்படித்தான் காட்சி தர வேண்டும் என்ற கட்டளை நிலைத்திருக்க வேண்டுமானால், 'இப்படி' என்பது பெண்ணுக்கு மட்டுமே உரியதாக இருந்தாக வேண்டும். வேண்டியவர் அணியலாம், வேண்டாதவர் விடலாம் என்று ஆகிவிட்ட நாளில் அது வெறும் செருப்பு. வரவேற்பு மேசையில் அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணும், கதவைத் தாழிட்டுக்கொண்டு அணிந்து பார்க்கும் இந்த ஆணும் ஒரே வழக்கின் இரு வாதிகள். தாம் ஒரே கட்சி என்பது இருவருக்கும் தெரியாமலிருப்பதில்தான் அந்த விதியின் ஆயுள் இருக்கிறது.

5

இனி, 'கட்டிக்கொண்டவள் பாவம்' என்ற பெருமூச்சுக்கு வருவோம். மனைவி, காதலி, துணை எனப்படும் அந்தப் பெண்ணை எல்லோரும் தத்தம் வாதத்துக்குச் சாட்சியாக இழுத்துவிட்டிருக்கிறார்கள். எதிர்ப்பவர்களுக்கு அவள் பலியாடு. ஆதரிப்பவர்களுக்கு அவள் செவிலி. இரண்டாவது கூட்டத்தைப் பற்றிப் பேசுவோம். ஏனெனில் நாமும் அந்தப் பக்கத்தில் நிற்பவர்கள்தாம்.

எட் வுட் இயக்கிய 'கிளென் ஆர் கிளெண்டா' (1953) திரைப்படத்தைப் பலர் மோசமான படங்களின் பட்டியலில் வைத்துச் சிரித்து முடித்துவிடுகிறார்கள். பெண்ணுடை அணிய விரும்பும் ஆணாக இயக்குநரே நடித்தார். அவரது அந்நாளைய காதலி டோலரஸ் ஃபுல்லர் படத்திலும் காதலியானார். மணத்துக்கு முன் அவன் உண்மையைச் சொல்கிறான். அவள் யோசித்துவிட்டுத் தான் அணிந்திருக்கும் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவனிடம் நீட்டுகிறாள். அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான காட்சி. ஆனால் படம் அதோடு முடியவில்லை. மருத்துவர் வந்து, அவளது அன்பினால் அவனுக்குள் இருக்கும் அந்தப் பெண் கரைந்து மறைவாள் என்று விளக்கி முடித்து வைக்கிறார். அதாவது, மனைவியின் பரிவு மருந்தாகக் குறித்துக் கொடுக்கப்படுகிறது. நோயாளி குணமாகாவிட்டால் மருந்தின் மீது பழி விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1961இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வர்ஜீனியா பிரின்ஸ் 'ஹோஸ் அண்ட் ஹீல்ஸ் கிளப்' என்ற பெயரில் ஒரு சிறு குழுவைத் தொடங்கினார். காலுறை, குதிகால் என்பவையே அதன் பெயர். வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பையில் காலுறையும் குதிகாலணியும் கொண்டுவர வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் அவற்றை அணிந்துகொள்ள வேண்டும். ஒருவரை மற்றவர் காட்டிக்கொடுக்க முடியாதபடி அனைவரும் ஒன்றாகச் சிக்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. எதிர்பால் உடை அணிவதைக் குற்றமாக்கும் நகராட்சிச் சட்டங்கள் அமெரிக்காவில் 1848இல் ஒஹையோவின் கொலம்பஸ் நகரிலிருந்து தொடங்குகின்றன. சான் பிரான்சிஸ்கோ 1863இல் இயற்றிய சட்டத்தை 1974இல்தான் நீக்கியது. ஒரு ஜோடி செருப்புக்காகச் சதிகாரர்களைப் போலக் கூட வேண்டியிருந்த அந்த மனிதர்களின் அச்சத்தை நாம் எள்ளளவும் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் அந்த இயக்கம் தனக்கு மரியாதை தேடிக்கொண்ட வழியைக் கேள்வி கேட்டாக வேண்டும். 1960இல் 'டிரான்ஸ்வெஸ்டியா' இதழைத் தொடங்கிய பிரின்ஸ், மேற்சொன்ன குழுவிலிருந்து வளர்த்தெடுத்த அமைப்பில் தற்பால் விருப்பம் கொண்டோருக்கு இடமில்லை. பால்மாற்றம் நாடுவோருக்கும் இடமில்லை. நாங்கள் அவர்களல்ல, நாங்கள் மனைவி மக்களோடு வாழும் ஒழுங்கான ஆண்கள் என்பதே அதன் முகவரி அட்டை. 1966இல் இங்கிலாந்தில் தோன்றிய போமான்ட் சங்கமும் தொடக்கத்தில் இந்த வழியையே பின்பற்றியது. தம்மைவிட அதிகம் அடிபடுபவர்களைக் காட்டி, 'அவர்களை அடியுங்கள், எங்களை விட்டுவிடுங்கள்' என்று கேட்பது விடுதலைக்கான குரல் அல்ல. குதிகால் அணியும் ஆண் தற்பால் விருப்பினரா, திருநங்கையா, இவை எதுவுமில்லாதவரா என்பது நமக்கு ஒரு தகவல் மட்டுமே. தகவலாக மட்டும் அது இருக்கும்வரைதான் அவருடைய மரியாதை பத்திரமாக இருக்கும்.

இந்த மரியாதைக்கு மனைவி தேவைப்பட்டாள். 1967இல் பிரின்ஸ் வெளியிட்ட நூலின் பெயரே எதிர்பாலுடை அணிபவனும் அவன் மனைவியும் என்று பொருள்படும். மனைவி புரிந்துகொள்ள வேண்டும், ஏற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்த எழுத்துகளில் ஊடுருவிக் கிடக்கிறது. அவள் ஏற்றால் அவனது இயல்புக்கு அத்தாட்சி; ஏற்காவிட்டால் அவள் குறுகிய மனத்தினள். அவளுக்கென்று ஒரு கேள்வி இருக்கக்கூடும் என்ற எண்ணம் அரிதாகவே எழுகிறது.

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் 1960களில் இயங்கிய 'காஸா சுசானா' என்னும் விடுதியை இங்கே நினைவுகூர வேண்டும். சுசானா வாலென்டியும் அவர் மனைவி மரீயும் நடத்திய அந்த இடத்துக்கு, வார நாட்களில் அலுவலகம் செல்லும் ஆண்கள் வார இறுதியில் வந்து பெண்ணுடையில் தங்கிப் போனார்கள். சிலருடன் மனைவியரும் வந்தார்கள். அங்கே எடுக்கப்பட்ட புகைப்படங்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு மன்ஹாட்டன் பழம்பொருள் சந்தையில் கிடைத்து, 2005இல் நூலாயின. செபாஸ்தியன் லிஃப்ஷிட்ஸ் 2022இல் எடுத்த ஆவணப்படத்தில், அங்கே சென்றுவந்த அறிவியல் புனைகதைப் பதிப்பாளர் டொனால்ட் வோல்ஹைமின் மகள் தம் பெற்றோரைப் பற்றிப் பேசுகிறார். புகைப்படங்களைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்த மகிழ்ச்சி. கவரிமுடியும் முத்துமாலையும் குதிகாலணியுமாக, தேநீர்க் கோப்பையோடு, சீட்டாட்டத்தோடு, அவர்கள் வெறுமனே இருக்கிறார்கள். நமக்குத் தோன்றும் இன்னொரு கேள்வி, அந்த விடுதி நடக்க உழைத்தது யார் என்பது. பெண்கள் தலைக்கவரிக் கடை நடத்திவந்த மரீ அங்கே மனைவி, முதலாளி, ஆலோசகர் எல்லாமாக இருந்தார். அந்தச் சுதந்திரத்தின் அடித்தளத்தில் ஒரு பெண்ணின் உழைப்பு இருந்தது; அவள் முகம் பல படங்களில் இல்லை.

6

துணைவியரின் தயக்கத்தை எல்லாம் பிற்போக்கு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அந்தத் தயக்கத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் அதில் செருப்பின் பங்கு மிகச் சிறியது என்று தெரியவரும். முதலாவது, பொய். மணமாகிப் பத்தாண்டு கழித்துப் பெட்டியைக் கண்டெடுப்பவளின் முன் எழும் கேள்வி, 'இவர் ஏன் இதை அணிகிறார்?' என்பதைவிட, 'இன்னும் எதையெல்லாம் எனக்குச் சொல்லவில்லை?' என்பதாகவே இருக்கும். இரண்டாவது, இரகசியத்தின் சுமை. தன்னைக் கேட்காமலேயே அவள் அதன் காவலாளி ஆக்கப்படுகிறாள். திரைச்சீலையை இழுத்துவிடுவதும், பிள்ளைகள் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுவதும், மாமியாரின் கேள்விகளைத் திசைதிருப்புவதும் அவள் வேலை. மூன்றாவது, தெருவின் கணக்கு. ஊர் அவனைச் சிரிக்கும். அவளிடம் 'உன்னிடம் என்ன குறை?' என்று கேட்கும். 'வீட்டுக்குள் சரி, வெளியில் வேண்டாம்' என்று நிபந்தனை விதிப்பவள் குறுகிய மனத்தினள் அல்லள். அந்தத் தெருவை அவனைவிட நன்றாக அறிந்தவள்.

நான்காவதாக ஒன்று உண்டு; ஆண் தோழர்கள் கேட்க விரும்பாதது. 'எனக்குள் ஒரு பெண் இருக்கிறாள்' என்று சொல்லும் சிலர், அந்தப் பெண்ணுக்குக் குதிகாலும் பட்டுக் காலுறையும் உதட்டுச் சாயமும் மட்டுமே தருகிறார்கள். விடியலில் எழுவதும், பாத்திரம் துலக்குவதும், மாதாந்திர வலியும், இரவில் தனியே நடக்கும் அச்சமும் அவளுக்கு இல்லை. தேய்ந்த ரப்பர் செருப்போடு அடுக்களையில் நிற்பவள், பெண்மை பற்றிய விரிவுரையைக் கூடத்திலிருந்து கேட்க நேரும்போது எரிச்சலடைந்தால், அது முற்றிலும் நியாயம். குதிகாலை விரும்பு, அழகாக இருக்க விரும்பு, அது உன் உரிமை. ஆனால் அதற்குப் பெண்மை என்று பெயரிட்டு, பெண்ணிடமே அதற்கு நன்றி எதிர்பார்க்காதே.

ஆகவே நாம் சொல்ல விரும்புவது மூன்று தரப்பாருக்கு.

விரும்பி அணியும் ஆணுக்கு: மணத்துக்கு முன் சொல். முன்பு சொல்லவில்லை என்றால், அவளாகக் கண்டெடுக்கும் முன் இன்று சொல். அவள் கோபத்துக்குக் கால அவகாசம் கொடு. அதை நோயாகவோ பழமையாகவோ விளக்காதே. இரகசியத்தைக் காக்கும் வேலையில் பாதியை நீ செய். அவள் ஏற்கவே முடியாது என்று சொன்னால், அதுவும் ஒரு மனிதரின் பதில்தான் என்று எடுத்துக்கொள்.

அவன் துணைக்கு அறிவுரை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம். பொய்யும் சுமையும் ஊரின் கண்ணும் இல்லை என்று வைத்துக்கொண்டால், மிச்சமிருக்கும் அந்த அருவருப்பு எதைப் பற்றியது? 'இவர் ஆணாக இல்லை' என்பதா? அப்படியானால், எதைப் போல ஆகிவிட்டார் என்பது அந்தக் குற்றச்சாட்டு? உங்களைப் போல ஆகிவிட்டார் என்பதுதானே? உங்களைப் போல இருப்பது ஓர் ஆணுக்கு ஏன் இழிவாக வேண்டும்?

கடைசியாக, சிரித்துக்கொண்டிருக்கும் நமது இலக்கிய நண்பர்களுக்கு. பெண்ணெழுத்து பற்றி நீங்கள் எழுதிய கட்டுரைகளை நாம் படித்திருக்கிறோம். உடலரசியல் பற்றிய உங்கள் கருத்தரங்க உரைகளையும் கேட்டிருக்கிறோம். அவற்றில் நீங்கள் சொன்னவை உண்மையென்றால், கால்சட்டை அணிந்த பெண்ணை மெச்சும் அதே நாவு, குதிகால் அணிந்த ஆணைக் கண்டு ஏன் வழுக்குகிறது என்பதற்கு நீங்கள் விளக்கம் தர வேண்டும். 'ரசனை' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ரசனை எப்படி உற்பத்தியாகிறது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். விளக்கம் இருந்தால் எழுதுங்கள். இதே பக்கத்தில் விவாதிப்போம். இல்லையென்றால், அடுத்த முறை சிரிப்பதற்கு முன், பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணின் முகத்தை ஒரு கணம் பாருங்கள்.